தூரத்தை நீட்டியவர் யார்?

பலாலி விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் இடையேயுள்ள வான்வழித் தூரம் ஏறத்தாழ 354 கிலோமீற்றர். பழைய கணக்கில் 220 மைல். எந்த அரசாங்கமும் இந்தத் தூரத்தைக் கூட்டியதில்லை. எந்த அமைச்சரும் குறைத்ததில்லை. நம் பாட்டன்மார் காலத்திலும் அது அவ்வளவுதான். நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது அவ்வளவாகவே இருக்கும். ஆயினும் இந்தத் தூரத்தைக் கடப்பதற்கு 1947 ஆம் ஆண்டில் ஒரு முற்பகல் போதுமாயிருந்தது. பின்னர் ஒரு காலத்தில் ஓர் இரவும் ஒரு பகலும் தேவைப்பட்டன. இன்று விமான அட்டவணையில் 75 நிமிடமளவே குறிக்கப்பட்டிருக்கிறது. அளவு மாறாத ஒரு வழி இவ்வாறு நீண்டும் சுருங்கியும் வந்திருக்குமாயின், அதை நீட்டியவர் யார், சுருக்கியவர் யார் என்று கேட்பது ஒவ்வொரு குடிமகனின் கடமையாகும். அந்தக் கேள்விக்கே இவ்வாரம் விடை தேட விரும்புகிறோம்.

முதலில் தூரத்தின் கணக்கைப் பார்ப்போம். பலாலியிலிருந்து இரத்மலானைக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 329 கிலோமீற்றர். கட்டுநாயக்காவுக்கு 290 கிலோமீற்றர். சென்னைக்கு 354. திருச்சிராப்பள்ளிக்கு வெறும் 184 கிலோமீற்றர், அதாவது 114 மைல். இந்த எண்களை வாசகர்கள் ஒருமுறை நிறுத்தி நோக்க வேண்டும். பலாலிக்கு இரத்மலானை எவ்வளவு தூரமோ, ஏறத்தாழ அவ்வளவு தூரத்தில்தான் மீனம்பாக்கமும் இருக்கிறது. வேறுபாடு 25 கிலோமீற்றர் மாத்திரமே. திருச்சிராப்பள்ளியோ, நம் நாட்டின் பிரதான விமான நிலையத்தைவிட நூறு கிலோமீற்றர் கிட்ட இருக்கிறது. இது அரசியல் மேடையில் சொல்லப்படும் கூற்றன்று. பூகோளப் படத்தைக் கையில் வைத்திருக்கும் எந்தப் பள்ளி மாணவனும் அளந்து பார்க்கக்கூடிய உண்மை.

அதே படத்தில் ஓர் அடிமட்டத்தை எடுத்து, ஒரு முனையைக் கட்டுநாயக்காவிலும் மறுமுனையைச் சென்னையிலும் வைத்துக் கோடு கீறிப் பாருங்கள். அந்தக் கோடு எதன் மேலாகச் செல்கிறது? யாழ்ப்பாணப் பட்டினத்தின் மேலாகவே செல்கிறது! இரு நிலையங்களுக்கும் இடையேயுள்ள 644 கிலோமீற்றர் நேர்வழியில் யாழ்ப்பாணம் ஒரு புறத்தில் ஒதுங்கிக் கிடக்கவில்லை. பாதி வழிக்குச் சற்று முன்பாக, வழியின் மேலேயே இருக்கிறது.

இதன் பொருள் என்ன? வலிகாமத்துக் கமக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கண் சிகிச்சைக்காகச் சென்னை செல்ல வேண்டியவர் அவர். பலாலியில் விமானம் இல்லாத காலத்தில் அவர் என்ன செய்தார்? மாலையில் வீட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு புறப்பட்டார். இரவு முழுவதும் பேருந்தில் குந்தியிருந்து, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கே சென்றார். விடியற்காலையில் கொழும்பில் இறங்கி, முகம் கழுவி, கட்டுநாயக்காவுக்குப் போய், விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே வரிசையில் நின்றார். பின்னர் விமானத்தில் ஏறி, வடக்கு நோக்கிப் பறந்தார். விமானம் நேர்வழியில் சென்றிருந்தால், முந்தின நாள் மாலை அவர் சாத்திய படலைக்கு அண்மையாகவே, பல்லாயிரம் அடி உயரத்தில் கடந்து சென்றிருக்கும். தரையில் 400, வானில் 644, ஆக 1044 கிலோமீற்றர். 354 கிலோமீற்றர்ப் பயணத்துக்கு இது ஏறத்தாழ மூன்று மடங்கு. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று நம் முன்னோர் சொன்னதற்கு இதனினும் பொருத்தமான உதாரணம் கிடைக்குமா?

இப்படி இருக்கவேண்டும் என்று இயற்கை விதிக்கவில்லை. தொடக்கத்தில் இப்படி இருக்கவும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படையினர் பலாலியில் விமானத் தளம் அமைத்தனர். போர் முடிந்தபின் 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயர் சிலோன் தனது முதலாவது பயணிகள் சேவையைத் தொடங்கியபோது, அந்த டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குச் சென்றது. காங்கேசன்துறை என்று அன்று குறிக்கப்பட்டது இந்தப் பலாலி நிலையமே. வடபகுதி மக்களுக்குக் காட்டிய சலுகை என்று இதை யாரும் எண்ண வேண்டியதில்லை. 329 உடன் 354 ஐக் கூட்டினால் 683. இரத்மலானையிலிருந்து சென்னைக்கு நேரே பறந்தாலும் அதே 683 தான். பலாலியில் இறங்கி ஏறியதால் வழி நீளவேயில்லை. அன்றைய நிர்வாகிகள் படத்தைப் பார்த்தார்கள். படம் சொன்ன வழியில் விமானத்தை விட்டார்கள். இந்நாட்டின் தேசிய விமான சேவை தன் முதல் நாளிலேயே யாழ்ப்பாணத்தைத் தொட்டுச் சென்றது என்ற வரலாறு இன்றைய இளைஞருள் எத்தனை பேருக்குத் தெரியும்?

பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. எயர் சிலோன் எழுபதுகளின் முடிவில் மூடப்பட்டது. நாட்டில் போர் மூண்டது. பலாலி இராணுவத் தளமாயிற்று. தரைவழி மூடுண்ட நாட்களில் பலாலியிலிருந்து கொழும்புக்குப் பறந்த சிறு விமானங்களே பலருக்குக் கதியாயின. அந்தப் பயணமும் பாதுகாப்பானதாய் இருக்கவில்லை. 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயர் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதில் இருந்த 55 பேரும் மாண்டனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பலாலிக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே பயணிகள் விமானம் பறக்கவில்லை. 2019 அக்டோபர் 17 ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயருடன் அது திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து தொடங்கிய சேவை 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் நின்றது. 2022 டிசம்பர் 12 ஆம் திகதி மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பர் 1 முதல் இண்டிகோ நிறுவனம் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30 முதல் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் விமானம் விடத் தொடங்கியது. இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம். செய்த நன்மையை மறைத்துக் குறையை மட்டும் கூறுவது நியாயமன்று.

ஆனால் வரவேற்பதோடு நின்றுவிடல் ஆகாது. 75 நிமிடம் என்று அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும் நேரத்தின் உள்ளீடு என்ன என்பதையும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். இப்பாதையில் பறக்கும் ஏ.டி.ஆர். வகை விமானம் சுழல்விசிறி பூட்டியது; எழுபது எண்பது பேரை ஏற்றுவது; உயரே சென்றபின் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வேகத்தில் செல்வது. அந்த வேகத்தில் 354 கிலோமீற்றரைக் கடக்க 43 நிமிடம் போதும். திருச்சிராப்பள்ளிக்கோ 22 நிமிடம் போதும். அட்டவணையில் அதற்கு ஒரு மணி நேரமளவு குறிக்கப்படுகிறது. எஞ்சிய நேரம் எங்கே போகிறது? நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதிலும், மெல்ல மெல்ல உயரம் ஏறுவதிலும், மெல்ல மெல்ல இறங்குவதிலும், நெருக்கடி மிகுந்த நிலையத்தில் இறங்குவதற்கு முறை வரும்வரை காத்திருப்பதிலும், எதிர்க்காற்றுக்கென ஒதுக்கும் நிமிடங்களிலும் போகிறது. இவை பறப்பின் விதிகள். இவற்றில் நாம் குறை காண்பதற்கில்லை.

இங்கே ஒரு விசித்திரத்தையும் குறிப்பிடலாம். 1947 இன் டக்கோட்டா மணிக்கு 300 கிலோமீற்றரை அண்மித்த வேகத்திலேயே பறக்கும். அந்த வேகத்தில் பலாலியிலிருந்து சென்னைக்கு வானிலே ஒன்றேகால் மணி நேரமளவே ஆகும். முக்கால் நூற்றாண்டு கழிந்து, விஞ்ஞானம் எவ்வளவோ வளர்ந்தபின், நமது அட்டவணையிலும் ஒன்றேகால் மணி நேரமே காணப்படுகிறது! குறுகிய தூரப் பயணத்தில் விமானத்தின் வேகம் பெரிதாக எதையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது சான்று. தீர்மானிப்பது எது? தரையிலே கழியும் நேரம்.

நாம் முன்னே குறிப்பிட்ட கமக்காரரின் பயணம் விமானக் கதவு மூடும்போது தொடங்குவதில்லை. படலையைத் திறந்து வீதியில் கால் வைத்தபோது தொடங்குகிறது; சென்னையில் வைத்தியரின் வாசலை அடையும்போது முடிகிறது. விசாவுக்காக அலைந்த நாட்கள் அதில் சேரும். இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக வந்து காத்திருப்பது சேரும். குடிவரவு, சுங்கம் ஆகியவற்றின் வரிசைகள் சேரும். நாளுக்கு ஒரு விமானமே உண்டென்றால், அதைத் தவறவிட்டவனுக்கு அடுத்த விமானத்தின் தூரம் 354 கிலோமீற்றர் அன்று. ஒரு முழு நாள். இந்த நேரங்களையெல்லாம் கூட்டினால் வருவதே பயணத்தின் உண்மையான அளவு. இதிலே வானத்தின் பங்கு மிகச் சிறிது. அரசாங்கங்களினதும் நிறுவனங்களினதும் பங்கே பெரிது. ஆகவே, தூரத்தை நீட்டியவர் யார் என்ற கேள்விக்கு விடை வானத்தில் இல்லை. அலுவலக மேசைகளின் மேல் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1944 ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் கைச்சாத்தான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் முதலாம் உறுப்புரை, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வானத்தில் முழு இறைமை உண்டு என்று கூறுகிறது. ஆறாம் உறுப்புரை, அந்நாட்டின் அனுமதியின்றி எந்த அட்டவணைச் சேவையும் நடைபெறலாகாது என்கிறது. இந்த அனுமதிகள் இரு நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களால் ஒழுங்கு செய்யப்படுகின்றன. எந்த நிறுவனம் பறக்கலாம், எந்த நகரங்களுக்கிடையே பறக்கலாம், எத்தனை தடவை பறக்கலாம் என்பனவெல்லாம் கையெழுத்தாலே தீர்மானிக்கப்படுபவை. கையெழுத்தாலே தீர்மானிக்கப்படுவது எதுவோ, அது மக்கள் கேட்டுப் பெறக்கூடியதாகும். சட்டத்தின் இந்தச் சின்னஞ்சிறு உண்மையை நம் மக்கள் நெஞ்சிலே பதித்துக்கொள்ள வேண்டும்.

கட்டணத்துக்கும் இது பொருந்தும். விமான நிலையக் கட்டணம், புறப்பாட்டு வரி என்பன ஆளுக்கு இவ்வளவு என்றே பொதுவாக விதிக்கப்படுகின்றன. மைலுக்கு இவ்வளவு என்று அல்ல. இலண்டனுக்குப் போகிறவனின் பயணச்சீட்டிலே இத்தகைய வரி ஒரு சிறு பகுதி. 184 கிலோமீற்றர் பறந்து திருச்சிராப்பள்ளிக்குப் போகிறவனின் சீட்டிலோ அது பெரும் பாரம். நீண்ட பயணத்துக்கென வகுத்த அளவுகோலால் குறுகிய பயணத்தை அளப்பது முறையன்று. தூரத்துக்கு ஏற்ற வரி என்ற எளிய நியாயத்தை இரு அரசாங்கங்களும் ஏற்க வேண்டும்.

அடுத்து, நம் கமக்காரரைப் பெரிதும் தொடும் விடயம் ஒன்று உண்டு. அது ஓடுபாதை. சுழல்விசிறி விமானத்துக்கு ஏறத்தாழ 1300 மீற்றர் ஓடுபாதை போதும். நூற்றைம்பதுக்கு மேற்பட்டோரை ஏற்றும் ஜெற் விமானம் இறங்கி ஏற, பொதுவாக 2000 மீற்றருக்கு மேல் வேண்டும். பெரிய விமானம் வந்தால் கட்டணம் குறையலாம்; பொதிகள் கூடலாம்; மீனும் மாம்பழமும் மரக்கறியும் வாடாமல் வெளியூர்ச் சந்தையை அடையலாம். ஆனால் ஓடுபாதை வானத்தில் அமைவதன்று, காணியில் அமைவது. பலாலியைச் சுற்றியுள்ள காணி யாருடையது? வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்கள் அவை. வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைந்த மண். 1990 இல் உடுத்த துணியோடு அங்கிருந்து வெளியேறிய மக்கள், தம் காணிகளைப் பல ஆண்டுகள் முள்வேலிக்கு அப்பால் நின்றே பார்த்தனர். போர் முடிந்தபின் ஒரு பகுதி உரியவரிடம் மீண்டது. எஞ்சிய பகுதி இன்னும் மீளவில்லை.

ஆகவே, விமான நிலையத்தை விரிவாக்குவோம் என்று யாரேனும் சொன்னால், நாம் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டவும் கூடாது. கேட்டவுடன் வேண்டாம் என்று கூவவும் கூடாது. சட்டப்படி நடக்குமாறு கேட்க வேண்டும். 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம் இந்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் பிரிவின்படி முதலில் அறிவித்தல் ஒட்டப்பட வேண்டும். நான்காம் பிரிவின்படி உரிமையாளர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஏழாம் பிரிவின்படி நட்டஈட்டு உரிமைகள் கோரப்பட வேண்டும். 38 ஆம் பிரிவின் காப்புவாசகத்தின் கீழ் அவசரம் என்று சொல்லி முன்கூட்டியே காணியை எடுக்கவும் அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தின்மீதே நம் கண் எப்போதும் இருக்க வேண்டும். பொதுத் தேவைக்கென எடுத்த காணி பொதுத் தேவைக்கே பயன்பட வேண்டும். விமான நிலையத்துக்கு உண்மையில் எத்தனை பரப்புக் காணி தேவை என்பதைப் படம் கீறிக் காட்டி, அதற்கு நியாயமான விலையும் கொடுத்து, தேவைக்கு மேற்பட்டதை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தால், அந்த மண்ணின் மக்கள் நாட்டின் நன்மைக்குக் குறுக்கே நிற்கப் போவதில்லை. விமான நிலையத்தின் பெயரைச் சொல்லி வேறு நோக்கங்களுக்குக் காணி பிடிப்பதாயின், அதை எதிர்ப்பதற்கு நீதிமன்றமும் உண்டு. மக்கள் மன்றமும் உண்டு. உறுதி, தோம்பு, வரைபடம், வரி கட்டிய பற்றுச்சீட்டு என எது கையில் இருந்தாலும் அதைப் பத்திரமாக வைத்திருக்குமாறு வலிகாமத்து மக்களுக்கு நாம் மீண்டும் நினைவூட்டுகிறோம். காணியை இழந்தவனுக்குக் கடைசியில் துணை நிற்பது அந்தக் கடதாசிதான்.

விமானம் வந்தால் இந்தியப் பொருள் வந்து குவிந்து நம் விளைச்சல் விலைபோகாது என்று அஞ்சுவோரும் உளர். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. எழுபதுகளில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் நம் கமக்காரருக்கு வாழ்வளித்தன. 1977 க்குப் பின் கதவு திறக்கப்பட்டபோது அவர்கள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. ஆனால் வெங்காயம் விமானத்தில் வருவதில்லை, கப்பலில் வருகிறது. பாரத்துக்குக் கூலி கொடுத்து விமானத்தில் ஏற்றத் தகுந்தவை விலை கூடியவையும் விரைவில் கெடுபவையுமே. ஆகவே விமானப் பாதையால் கமக்காரருக்கு நட்டம் சிறிது, நன்மை பெரிதாகலாம். அந்த நன்மை கைக்கு வருவதற்குக் குளிரூட்டிய களஞ்சியமும், பயிர் நோய்த் தடுப்புச் சான்றிதழை உள்ளூரிலேயே வழங்கும் அலுவலகமும் வேண்டும். அவை இல்லையேல், 75 நிமிடத்தில் சென்னையை அடையக்கூடிய மாம்பழம், கடதாசிக்காகக் கொழும்பு போய்த் திரும்புவதற்குள் அழுகிவிடும்.

இனி, நம்மவரிடமும் ஒரு வார்த்தை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். பலாலியில் விமானம் வேண்டும் என்று கூட்டங்களில் முழங்கும் கனவான்களில் சிலர், சீட்டு விலை சற்றுக் குறைவு, பொதி சற்றுக் கூடுதலாகக் கொண்டுசெல்லலாம் என்ற காரணங்களால், இன்றும் கட்டுநாயக்கா வழியாகவே பயணம் செய்கின்றனர். அவரவர் பணம், அவரவர் விருப்பம் என்பது உண்மைதான். ஆனால் வணிக நிறுவனம் தருமத்துக்கு விமானம் விடுவதில்லை. ஆசனங்கள் வெறுமையாக இருந்தால் அது சேவையைக் குறைக்கும், பின்னர் நிறுத்தும். நின்ற சேவையை மீண்டும் தொடங்குவிக்க நம் மக்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள். மற்றொரு முறை அவ்வாறு காத்திருக்க நம்மால் இயலுமா? வைத்தியர்களும் ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் வணிகரும் தம் பயணங்களை இயன்றவரை பலாலி வழியாக அமைத்துக்கொண்டால், அதுவே எந்த மகஜரையும்விட வலிமை வாய்ந்த கோரிக்கையாகும்.

நாம் கேட்பவை பெரிய வரங்கள் அல்ல. சென்னை, திருச்சிராப்பள்ளிச் சேவைகள் தடையின்றி நடைபெற வேண்டும். காலையில் போய் அலுவலை முடித்து மாலையில் திரும்பக்கூடியவாறு அவற்றின் நேரங்கள் அமைய வேண்டும். குறுகிய பயணத்துக்குக் குறுகிய வரி வேண்டும். இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையே சாதாரண மக்கள் கொடுக்கத்தக்க கட்டணத்தில் நாளாந்த சேவை வேண்டும். 329 கிலோமீற்றருக்காக ஓர் இரவைத் தொலைக்கும் நிலை ஒழிய வேண்டும். விரிவாக்கம் நடைபெறின் அது காணிச் சொந்தக்காரரின் முகத்தைப் பார்த்து, சட்டப்படி நடைபெற வேண்டும். இவற்றுள் எதுவும் புதிய விஞ்ஞானத்தைக் கோரவில்லை. 1947 இல் ஒரு டக்கோட்டா விமானத்தைக் கொண்டு செய்து காட்டியதை இன்று செய்யுமாறுதான் கேட்கிறோம்.

பலாலிக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடையே 354 கிலோமீற்றர். அது இயற்கை வகுத்த தூரம். அதைப்பற்றி நமக்கு முறைப்பாடில்லை. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு மணி நேரமும் மனிதர் வகுத்தது. மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றலாம். மாற்றும்படி கேட்கும் உரிமை நமக்குண்டு. அந்த உரிமையை நமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் அடுத்து வரும் வரவுசெலவுத் திட்ட விவாதத்தில், இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டே எழுப்புவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். எழுப்பத் தவறினால், ஏன் எழுப்பவில்லை என்று அவர்களைக் கேட்கும் பொறுப்பு வாக்களித்த மக்களாகிய உங்களுடையது.